அரைப்பேர்

பதினெட்டுக் கிலோ இருந்தால் முழுப்பேர்.
ஒரு கிலோ குறைந்தாலும் அரைப்பேர்.
கொழுந்து மடுவத்தில்
பேர் எழுதுகிறவன் நான்.

பொகவந்தலாவைக்கு மேலே
மடுவத்துத் தகரத்தில் பனி சொட்டுகிற பின்னேரம்.
நனைந்த படங்கோடு பெண்கள் வரிசையில்.
கூடை ஏறும். முள் நடுங்கும்.
அது நிற்கும்வரை நான் பொறுப்பதில்லை.
"ஈரத்துக்கு ரெண்டு" என்பேன்.
அட்டை கடித்த கணுக்காலில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு
அடுத்தவள் முன்னே வருவாள்.

ஞாயிறென்றால் நான் வேறு ஆள்.
பிலோமினா மினுக்கித் தந்த வெள்ளைச் சட்டை.
கோயிலில் முதல் வாசகம் எனது.
தூய உள்ளம் என்று நான் வாசித்தால்
கடைசி வாங்கில் பிள்ளைகளும் அசையமாட்டார்கள்.
குடித்ததில்லை. யாரையும் தொட்டதில்லை.
இதைப் பாவசங்கீர்த்தனத்திலேயே
கொஞ்சம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

தவமலர் எங்கள் மலைக்கு மாறி வந்தது மார்கழியில்.
புருஷன் கொழும்பில், ஒரு கடையில்.
அவள் சிரித்ததில்லை, என்னோடு பேசியதுமில்லை.
கூடைக் கயிறு நெற்றியில் பதித்த சிவந்த கோட்டை
தராசுக்கு முன் நின்று விரலால் நீவிக்கொள்வாள்.
அவ்வளவுதான்.
அவ்வளவுக்கே என் பென்சில்
பதினாறைப் பதினெட்டாக்கியது.

இரக்கம் என்றுதான் நினைத்தேன்.
அயலாளை நேசிப்பது இதுதான் என்றும்.
இரவில் செபமாலை உருட்டுகையில்
எத்தனையாவது மணி என்பதைத் தொலைத்துவிடுவேன்.
பக்கத்தில் பிலோமினா
எனக்கும் சேர்த்து எண்ணிக்கொண்டிருப்பாள்.

தொழிற்சாலைத் தராசுக்கு இரக்கம் தெரியாது.
இங்கே கூட்டிய இரண்டை
எங்கேயாவது கழிக்கவேண்டும்.
கழித்தேன், செபமணியின் கூடையில்.
கொப்புளித்த விரல்களில் துணி சுற்றிக்கொண்டு
இருபத்தொன்று எடுத்து வந்தவள்.
"ஈரத்துக்கு நாலு" என்றேன்.
அவள் முள்ளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.
ஞாயிறு வாசகம் கேட்கிற அதே கண்.

சம்பளத்தன்று செக்ரோல் வாசித்து முடிந்ததும்
தவமலர் நேரே வந்தாள்.
நெற்றியில் திருநீறு, அதற்கடியில் அந்தக் கோடு.
"என் கணக்குல கூடியிருக்குங்க.
நான் எடுத்தது என் கைக்குத் தெரியாதா?
யாரோட கொழுந்துன்னு பாத்துக் குடுத்துருங்க."
கோபமில்லை.
கடைக்காரன் தவறிக் கொடுத்த மிச்சக் காசை
மேசையில் வைத்துவிட்டுப் போகிறவளின் குரல்.

தொடவில்லை, தொடவில்லை என்று
இத்தனை நாள் நான் காட்டிக்கொண்டிருந்த கை
பென்சிலைப் பிடித்தபடி இருந்தது.
பூசையில் மூன்று முறை நெஞ்சில் தட்டுவதும்
இதே கைதான்.

அன்றிரவு பிலோமினாவிடம் சொன்னேன்.
கோட்டைச் சொன்னேன், கிலோவைச் சொன்னேன்.
அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள்
நிமிரவில்லை.
"எத்தனை பேர்?" என்றாள்.
சத்தியமாய் அவள் ஒருத்திதான் என்று பதறினேன்.
"அதைக் கேக்கல. அரைப்பேர் எத்தனை?"

பதினொன்று.

சீட்டுக் காசுத் தகரத்தை எடுத்து
என் முன்னே வைத்தாள்.
மூடியை நீயே திற என்பதுபோல்
கையை எடுத்துக்கொண்டாள்.
அப்புறம் மூன்று நாள் பேசவில்லை.
நான்காம் நாள் சட்டையை மட்டும் மினுக்கி வைத்திருந்தாள்.
அதைப் போட்டுக்கொண்டு
துரையின் ஆபீசுக்குப் போனேன், கோயிலுக்கல்ல.
வேலை போகலாம். இன்னும் பதில் வரவில்லை.

மேலேயும் ஒரு மடுவம் இருந்து
அங்கேயும் ஒரு புத்தகம் விரிந்திருந்தால்
எனக்கு அரைப்பேர் விழட்டும்.
அதுவே கூடுதல்.

இன்றும் ஈரம்.
முள் நடுங்கியது, நிற்கும்வரை நின்றேன்.
வரிசையில் யாரோ சலித்துக்கொண்டார்கள்.
செபமணி பத்தொன்பது.
தவமலர் பதினாறரை; பதினாறரை என்றே எழுதினேன்.
அரைப்பேரோடு அவள் நிமிர்ந்து நடந்தாள்.
பார்க்கவில்லை என்று சொல்ல ஆசைதான்.
பார்த்தேன்.
பிறகு குனிந்து
அடுத்த கூடையை ஏற்றச் சொன்னேன்.